நிக்சனைப் பற்றி ஜோசப்பின் எழுதியது

ஐம்பத்தெட்டு வயதில் ஜோசப்பினுக்குக் கள்ளி என்ற பெயர் வந்தது. அவள் களவெடுத்ததாகச் சொல்லப்பட்டது பதினான்கு பக்கக் கட்டுரை ஒன்றை. அதுவும் அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றியது.

நெடுந்தீவில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிக்கும் ஏ.எல். சோதனையில் வரலாற்றுக்கு நல்ல பெறுபேறு எடுத்தாள். பல்கலைக்கழகம் போக வேண்டிய ஆண்டில் சண்டை வந்து எல்லாம் மூடிக் கிடந்தது. இருபத்திரண்டு வயதில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டு, பார்க்டேல் என்ற நகர்ப்பகுதியில் ஒரு பேஸ்மென்ற் அறைக்கு வந்து சேர்ந்தாள். பிறகு கல்யாணம், ஒரு மகள், மோர்னிங்சைட்டில் ஒன்பதாம் மாடி வீடு, பாண் சுடும் பாக்ரறியில் இருபத்தாறு வருட வேலை.

பாக்ரறியில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. ஒருமுறை வேகமாக ஓட்டுவதற்காக ஒரு மெஷினின் தடுப்பு மூடியைக் கழற்றிவிட்டு, அப்படியே வேலை செய்யச் சொன்னார்கள். ஜோசப்பின் மாட்டேன் என்று சொல்லி, மா மூட்டை ஒன்றின் மேல் இருந்துவிட்டாள். சுப்பவைசர் கத்தினார், அவள் எழும்பவில்லை. பாதுகாப்பில்லாத வேலையை மறுக்கத் தொழிலாளிக்குச் சட்டம் இடம் தருகிறது என்று அவளுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் வந்து மூடியைத் திரும்பப் பூட்டவைத்த பிறகுதான் எழும்பினாள். இப்படி ஒரு சட்டம் எங்கிருந்து வந்தது, யார் யாரை நெருக்கி வாங்கியது என்ற கேள்வி அன்றைக்கு அவளுக்குள் விழுந்தது.

ஐம்பத்து நான்கு வயதில், மகள் ஜெசிகா நேர்ஸாகி வேலைக்குப் போன பிறகு, நகரின் நடுவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர மாணவியாகப் பதிந்தாள். ஒரு தவணைக்கு ஒரு பாடம், சனிக்கிழமை காலைகளில் வகுப்பு. போகவர மூன்று மணித்தியாலம். பஸ்ஸிலும் சப்வேயிலும் இருந்துதான் அவள் படித்தாள்.

போன பனிக்காலத்தில் எடுத்த பாடம் அறுபதுகளின் அமெரிக்கா. கென்னடி தொடக்கம் நிக்சன் வரை உள்நாட்டுக் கொள்கை எப்படி மாறியது என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஜோன்சன் ஏழைகளுக்குக் கொடுத்தார், நிக்சன் வந்து பிடுங்கினார் என்றுதான் வகுப்பில் பெரும்பாலானோர் எழுதினார்கள். ஜோசப்பினுக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு மாதம் லைப்ரரிப் புத்தகங்களோடு மல்லுக்கட்டினாள். முதலில் தமிழில் எழுதுவாள், பிறகு ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் உருட்டிப் பிரட்டி எடுப்பாள். இப்படி ஏழு கொப்பி நிரம்பியது.

ஜனாதிபதி மாறியபோது கொள்கை மாறவில்லை, தெரு மாறியபோதுதான் மாறியது என்பதே கட்டுரையில் அவள் எடுத்த கட்சி. கறுப்பின மக்களின் உரிமைச் சட்டத்தைக் கென்னடி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்; பேர்மிங்ஹாமில் ஊர்வலம் போன பிள்ளைகள் மேல் பொலிஸ் நாயை ஏவியதை உலகம் பார்த்த பிறகுதான் வாய் திறந்தார். வீடு வாடகைக்குக் கொடுப்பதில் நிறம் பார்க்கக்கூடாது என்ற சட்டம் ஜோன்சன் காலத்தில் இழுபட்டுக் கிடந்தது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு நகரங்கள் எரிந்தபோது ஒரே கிழமையில் நிறைவேறியது. சட்டம் ஒழுங்கு என்று முழங்கி வென்ற நிக்சன்தான் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே நிக்சன், தெருவில் இரைச்சல் அடங்கியதும், இரண்டாம் முறை வென்ற கையோடு, வறுமை ஒழிப்புக்கென்று இருந்த அலுவலகத்தைக் கலைக்கத் தொடங்கினார்.

கட்டுரையைக் கொடுத்து இரண்டு கிழமையில் விரிவுரையாளர் வரச்சொல்லி ஈமெயில் போட்டார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். பிறகு கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். இந்தக் கட்டுரையில் நூற்றுக்கு எண்பத்தேழு வீதம் செயற்கை அறிவு எழுதியது என்று மென்பொருள் சொல்லியிருந்தது.

“வகுப்பில் நீங்கள் பேசும் ஆங்கிலம் இப்படி இல்லையே” என்றார் அவர், மெதுவாக.

“பேசுவது வேறு, எழுதுவது வேறு” என்றாள் ஜோசப்பின். “எழுதும்போது எனக்கு நேரம் கிடைக்கிறது.”

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் இந்தக் கட்டுரைக்கு மட்டும் பூச்சியம். வேறொன்று எழுதலாம், பதிவேட்டிலும் ஏறாது. கையெழுத்துப் போடாவிட்டால் விசாரணைக் குழு. அங்கே தோற்றால் ஒரு வருடம் படிக்க முடியாது.

ஜோசப்பின் படிவத்தை இரண்டு தரம் வாசித்தாள். “செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று நான் எங்கேயும் கையெழுத்து வைக்கமாட்டேன். குழுவைக் கூட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு எழும்பினாள்.

வீட்டில் யாரும் அவள் பக்கம் நிற்கவில்லை.

“அம்மா, ஜஸ்ற் டேக் த டீல்” என்றாள் ஜெசிகா. “ஒரு எஸேதானே. திரும்ப எழுதினால் முடிஞ்சுது.”

“திரும்ப எழுதினாலும் நான்தானே எழுதவேணும்? அப்ப அதையும் மெஷின் எழுதினதெண்டு சொல்லமாட்டினமோ?”

அவள் கணவன் இக்னேசியஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வம்பு தும்புக்குப் போகாத மனிசன். அவர் ரிவியின் சத்தத்தைக் குறைத்தார். “நீர் என்ன உத்தியோகத்துக்கோ படிக்கிறீர்? இந்த வயசில ஒரு விசாரணை, ஒரு அலைச்சல். விடுமன் அதை.”

“இஞ்சாருங்கோ, கள்ளியெண்டு சொல்லிப்போட்டாங்கள். உத்தியோகத்துக்குப் படிக்கேல்லயெண்டால் கள்ளியெண்டு சொல்லலாமோ?”

இக்னேசியஸ் ரிமோற்றைக் கீழே வைத்தார். சத்தத்தைத் திரும்பக் கூட்டவில்லை.

விசாரணை ஒரு புதன்கிழமை பகல் நடந்தது. ஜோசப்பின் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஏழு கொப்பியையும் நோ பிறில்ஸ் கடைப் பையொன்றில் போட்டுக்கொண்டு போனாள். யாரும் கேட்காமலே, வாசல்வரை வருகிறேன் என்று இக்னேசியஸும் கூட வந்தார். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த நரைத்த தலைப் பெண்தான் தலைவி. விரிவுரையாளர் ஒரு ஓரத்தில்.

தலைவி ஒரு கொப்பியைத் திறந்து பார்த்தாள். வெட்டியதும் திருத்தியதுமாகப் பக்கம் முழுக்கத் தமிழ். “எங்களுக்கு இது விளங்காதே” என்றாள்.

“விளங்க வேண்டாம். எந்தப் பக்கத்தையாவது நீங்களே எடுங்கள். அதில் இருப்பதை நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன். இந்த நகரத்தில் தமிழ் வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. சொன்னது சரியோ என்று உங்களுக்கு விருப்பமான ஒருவரிடம் கேளுங்கள்.”

தலைவி ஐந்தாம் கொப்பியில் ஒரு பக்கத்தை விரலால் தொட்டாள். ஜோசப்பின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு ஏழைக் குடும்பத்துக்கும் குறைந்தபட்ச வருமானம் தரும் திட்டத்தை 1969 இல் நிக்சன் முன்வைத்த கதை அது. பிரதிநிதிகள் சபை தாண்டிய அந்தத் திட்டம் செனற்றில் செத்துப்போனது. ஒரு பக்கத்தார் கூடிப்போயிற்று என்றார்கள், மறுபக்கத்தார் காணாது என்றார்கள். அவளது ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ‘செனற்’ என்ற சொல்லே இரண்டு தரம் வழுக்கியது. ஆனால் ஆண்டு, பெயர், காரணம் ஒன்றும் தடுமாறவில்லை.

விரிவுரையாளர் இடையில் புகுந்தார். “தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் நிக்சனின் கொடை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாணவி சிந்தித்து எழுதினால் இவ்வளவு எளிமையாக எழுதுவாரா?”

“நான் அப்படி எழுதவில்லை” என்றாள் ஜோசப்பின். “ஏழாம் பக்கத்தை எடுங்கள். தன்னுடைய மசோதா கொஞ்சம் பல்லில்லாததாக இருக்கவேண்டும் என்றுதான் நிக்சன் விரும்பினார். தொழிற்சங்கங்கள் விடவில்லை. கடைசியில் இரண்டு தரப்பும் இறங்கிவந்த சட்டத்தில்தான் அவர் கையெழுத்து வைத்தார். கொடை என்ற சொல்லை நான் பாவித்தது, கொடை இல்லை என்று சொல்ல.”

பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. விரிவுரையாளரின் காது மடல் சிவந்தது.

தலைவி அவரைப் பார்த்து, “மென்பொருளில் போடுவதற்கு முன்னர் முழுவதும் வாசித்தீர்களா?” என்று கேட்டாள்.

“நூற்றிருபது கட்டுரைகள் இருந்தன” என்றார் அவர்.

“நூற்றிருபது இருந்ததற்கு நான் பொறுப்பில்லை” என்றாள் ஜோசப்பின். குரலை உயர்த்தவில்லை. “எனக்கு எட்டு மணித்தியாலம் நின்று வேலை. அதற்குப் பிறகும் நான் நிக்சனைப் பற்றி முழுவதும் வாசித்தேன்.”

பத்து நாளில் கடிதம் வந்தது. போதிய ஆதாரம் இல்லாதபடியால் வழக்கு மூடப்படுகிறது என்றிருந்தது. ஜெசிகா தாயைக் கட்டிப்பிடித்தாள். ஜோசப்பினின் முகம் மாறவில்லை.

“போதிய ஆதாரம் இல்லையெண்டால், செய்திருப்பாள், பிடிபடேல்லயெண்டுதானே கருத்து? இது எனக்கு வேண்டாம்.”

கடிதத்தைத் திருப்பி அனுப்பினாள். குற்றச்சாட்டு பிழையானது, அது திரும்பப் பெறப்படுகிறது என்று எழுதித் தரவேண்டும் என்று கேட்டாள். பதில் வரவில்லை. ஒவ்வொரு திங்களும் ஒரு ஈமெயில் போட்டாள். நாலாவது ஈமெயிலை இக்னேசியஸே பக்கத்தில் இருந்து, அவள் சொல்லச் சொல்ல ஒரு விரலால் தட்டினார். “இன்னும் கொஞ்சம் இறுக்கி எழுதுவமோ?” என்றும் கேட்டார்.

ஐந்தாம் கிழமை அவள் கேட்டபடியே கடிதம் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. கட்டுரையும் கூடவே வந்தது, பி பிளஸ். இந்த முறை ஓரங்களெல்லாம் விரிவுரையாளரின் பேனா ஓடியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: தெருதான் எல்லாவற்றையும் தீர்மானித்ததென்றால், 1971 இல் பெண்கள் இயக்கம் உச்சத்தில் இருந்தபோது, குழந்தைப் பராமரிப்பு மசோதாவை நிக்சன் எப்படித் தூக்கியெறிந்தார்?

ஜோசப்பின் அதைப் பல தரம் வாசித்தாள். நியாயமான கேள்வி. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, அவளுக்கு அந்தத் தவணையில் வகுப்பே இல்லாதபோதும், பஸ் எடுத்து, சப்வே எடுத்து, அவர் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. அவளைக் கண்டதும் அவர் எழும்பி நின்றார்; முறைப்பாடு கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“இந்த முறை வாசித்திருக்கிறீர்கள்” என்றாள் ஜோசப்பின். கதிரையைத் தானே இழுத்துப் போட்டு இருந்தாள். “ஆனால் மற்றப் பக்கத்துத் தெருவை நீங்கள் பார்க்கவில்லை. அந்த மசோதாவை எதிர்த்தவர்களும் சத்தம் போட்டார்கள். எந்தச் சத்தத்துக்கு நிக்சன் பயந்தார் என்பதுதான் கேள்வி. அரை மணித்தியாலம் இருக்கிறதா?”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து தன் கதிரையில் இருந்தார். அவர்கள் பேசி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் சென்றது. பி பிளஸ் மாறவில்லை. அவளும் தன் கட்சியை மாற்றவில்லை.