முதலாளியின் இருக்கையில் அரிசிப் பை

1. பெட்டியில் வந்த கார்

2009ஆம் ஆண்டு வசந்த காலத்தில், சுவிஸில் ஆராவுக்குப் பக்கத்தில் நான் வேலை செய்த கராஜுக்கு ஒரு கார் வந்தது. ஓடி வரவில்லை. மரப்பெட்டியிலும் மட்டைப்பெட்டியிலும் துண்டு துண்டாக வந்தது. இங்கிலாந்தில் சின்னப் பட்டறைகளில் செய்து, மீதியை நீங்களே பொருத்திப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று விற்கிற கிட் கார் அது. முதலில் வாங்கியவர் ஒரு பல் வைத்தியர். இரண்டு பெட்டியைத் திறந்து பார்த்ததோடு அவருடைய ஆசை அடங்கிவிட்டது. அவரிடமிருந்து அதை வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் முதலாளி உவேலி, மற்றவர் நான். பாதி அவருக்கு, பாதி எனக்கு.

உவேலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆர்காவ் மாநிலத்தில் தோட்டம் செய்கிற கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். மனைவி இறந்த பிறகு கராஜுக்கு மேலேயே தனியாக இருந்தார். வயிறும் தோளுமாக, நின்றால் கதவு மறைந்துவிடும். பேச்சு, கதை குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு சட்டம் சொல்லித்தான் ஸ்பனரைக் கையில் தந்தார். என்ன பிழை என்று தெரியாத வண்டி இந்தக் கராஜை விட்டு வெளியே போகக் கூடாது என்பதுதான் அது. சுவிஸ் ஜெர்மனில் நான் அவரை ‘டூ’, அதாவது ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன், சின்னக் கராஜுகளில் முதலாளிக்கும் அதுதான் வழக்கம். தமிழில் எழுதும்போது கை தானாக ‘நீங்கள்’ என்று போகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். அவருடைய பேச்சையும் எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

அடுத்து வந்த குளிர்காலம் முழுக்க வேலை முடிந்த பிறகு இரண்டு பேரும் அதைப் பூட்டினோம். என் மனைவி வதனி முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவள். ஒருநாள் வேலையால் வரும்போது எட்டிப் பார்த்தாள். வேலை முடிந்துவிட்டது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“இது காரோ? மிச்சம் எப்ப வரும்?” என்றாள்.

அவளில் குற்றமில்லை. கதவு இல்லை, கூரை இல்லை, முன் சக்கரச் சில்லு இரண்டும் உடம்புக்கு வெளியே நிற்கும். உள்ளே இறங்கி இருந்தால் கையை நீட்டி றோட்டைத் தடவலாம். ஸ்டியரிங் இங்கிலாந்துக்காரருக்கு ஏற்றபடி வலது பக்கம். மொத்தப் பாரம் ஒரு சாதாரணக் காரின் பாதி கூட வராது. நானும் உவேலியும் பின்பக்கத்தைத் தூக்கி அங்காலே தள்ளி வைப்போம். அதற்கு ஜாக்கி கூடத் தேவைப்படாது.

ஆனால் ஓடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். மற்றக் கார்களில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் யோசித்துவிட்டுத் திரும்பும். இது நாங்கள் நினைக்கும்போதே திரும்பிவிடும். றோட்டில் ஒரு சின்னக் கல் கிடந்தால் எந்தச் சில்லு அதில் ஏறியது என்று முதுகு சொல்லும். என்ஜின் ஒன்றும் பெரிது இல்லை. இழுக்கப் பாரம் இல்லாதபடியால் அது பறந்தது. இப்போது வருகிற கார்களில் இருக்கையைச் சூடாக்க ஒரு மோட்டார், முதுகை அமுக்க இன்னொரு மோட்டார் என்று சாமான்களை ஏற்றி ஏற்றி, பிறகு அந்தப் பாரத்தை இழுக்கப் பெரிய என்ஜின் போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்க எரிச்சல்தான் வரும். அந்த இங்கிலாந்துக்காரர்கள் தேவையில்லாத ஒரு ஆணியைக் கூட வைக்கவில்லை. அதைச் செய்த மனிதர்களை நான் ஒருநாளும் காணவில்லை, ஆனாலும் கும்பிட்டிருக்கிறேன்.

எம்.எஃப்.கா என்று இங்கே சொல்கிற வாகனப் பரிசோதனையில் அதிகாரி ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்த்தார். ஓடிப் பார்க்க வெளியே கொண்டு போனவர் நெடுநேரம் திரும்பி வரவில்லை. கார் நின்றுவிட்டதோ என்று நாங்கள் வாசலில் நின்று தவித்தோம். வந்து இறங்கியபோது அவருடைய தலைமயிர் எல்லாம் கலைந்து, முகம் சிவந்து, சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

2. அரிசி

இலேசான காருக்கு ஒரு குணம் உண்டு. பெரிய காரில் மெலிந்தவன் ஏறினாலும் கொழுத்தவன் ஏறினாலும் அதற்கு ஒன்றுதான். இதில் ஓட்டுகிற ஆளும் ஒரு பெரிய பார்ட். ஆகையால் நான்கு சில்லுக்கும் கீழே நான்கு தராசு வைத்து, ஓட்டுகிறவரை உள்ளே இருத்தி, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் கீழே இருக்கிற வளையத்தைத் திருகிப் பாரத்தைச் சமப்படுத்த வேண்டும். இதைக் கோர்னர் வெயிட் பார்ப்பது என்போம்.

எங்களுக்கு வந்த சிக்கல், இரண்டு சொந்தக்காரர். உவேலி தொண்ணூற்றைந்து கிலோ. நான் ஈர்க்குச்சி. அதிகம் ஓட்டப்போகிறவர் அவர்தான் என்றபடியால் அவருக்கு ஏற்றபடி வைப்போம் என்று முடிவு செய்தோம். ஆனால் அந்த வேலைக்கு அரைநாள் பிடிக்கும். அவ்வளவு நேரம் அசையாமல் இருக்க அவரால் முடியவில்லை. டெலிபோன் அடிக்கும், ஆள் வரும், எழும்பிப் போய்விடுவார். மற்றக் கராஜுகளில் மணல் மூட்டை வைப்பார்கள். மணல் கொட்டுப்பட்டால் புது இருக்கை நாசமாகிவிடும்.

எங்கள் ஆட்களுக்கு வேறு என்ன யோசனை வரும்? தமிழ்க் கடை மணியண்ணையிடம் போய் அரிசி எடுத்து வந்தேன். இருபது கிலோப் பை நான்கு, பத்துக் கிலோ ஒன்று, ஐந்து கிலோ ஒன்று. மெத்தென்று இருக்கும், இருக்கையைக் கீறாது, பாரமும் பையிலேயே எழுதியிருக்கும். முதலாளியின் இடத்தில் அடுக்கி பெல்ட்டையும் போட்டுவிட்டேன். உவேலி வந்து தன் இடத்தில் இருந்த அரிசியைப் பார்த்து, தன்னை விட அது ஒழுங்காக வேலை செய்கிறது என்றார். வதனி பார்த்தபோது வேறு கதை.

“அரிசிக்குப் பெல்ட் போட்டு இருத்தி வைச்சிருக்கிறியள். என்னை ஒருநாளாவது இருத்தினியளோ?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவளைத் திரிம்பாக் கோயிலுக்கு அதில் கூட்டிக்கொண்டு போனேன். சேலையைக் காலோடு சேர்த்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். போகும் வழியில் வாய் திறக்கவில்லை. திரும்பும்போது, கொஞ்சம் விட்டு ஓடுங்கோ பார்ப்பம் என்றாள்.

நான் தனியாக ஓட்டும்போது என் குறைப் பாரத்துக்கு இரண்டு பையை எனக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஆராவில் எங்கள் சனம் அதைக் கண்டு, நவம் கூரையில்லாத காரில் வீடு வீடாக அரிசி கொண்டு போய்க் கொடுக்கிறானாம் என்று கதை கட்டிவிட்டது. இரண்டு பேர் கூப்பிட்டு ஓடரும் தந்தார்கள்.

3. பாரம் எங்கே போனது

நான்கைந்து கோடை இப்படிச் சந்தோசமாகப் போனது. ஒரு செப்டெம்பர் மாதத் திங்கட்கிழமை உவேலி முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். முதல் நாள் ஸ்டாஃபெலெக் மலைப்பாதையில் ஓடியிருக்கிறார்.

“நவம், கார் சரியில்லை. வலது வளைவில ஒரு மாதிரிப் போகுது, இடது வளைவில இன்னொரு மாதிரி.”

தூக்கிப் பார்த்தேன். டயர், பெயாரிங், புஷ், சேசியின் ஒட்டு எல்லாம் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. தராசில் ஏற்றி அரிசியை வைத்தேன். முன்பு வைத்த அளவே காட்டியது. அடுத்த கிழமையும் அவர் அதே குறையோடு வந்தார். கடைசியில், அரிசியை இறக்கிவிட்டு அவரையே ஏறி இருக்கச் சொன்னேன். வலது பக்கத் தராசு இரண்டும் காட்டவேண்டிய அளவைக் காட்டவில்லை. கூட்டிப் பார்த்தால் அரிசியை விட அவர் பதின்மூன்று கிலோ குறைவு.

நான் யாரைச் சந்தேகப்பட்டேன் என்று நினைக்கிறீர்கள்? அரிசியை. கராஜ் நிலம் குளிர், அரிசி ஈரத்தைக் குடித்துப் பாரம் கூடியிருக்கும் என்று பையெல்லாவற்றையும் வான் வண்டியில் ஏற்றி மணியண்ணையின் கடைக்குக் கொண்டு போனேன். பழைய அரிசியைத் திருப்பித் தர வந்திருக்கிறேன் என்று அந்த மனிதர் பயந்துவிட்டார். நிறுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தன.

வீட்டுக்குப் போய் இந்தப் புதினமான விசயத்தை வதனிக்குச் சொன்னேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“இஞ்சருங்கோ, நீங்கள் இன்னும் காரைப் பற்றித்தான் கதைக்கிறியள். அந்த மனிசன்ரை பதின்மூண்டு கிலோ எங்கை போனது?”

தினமும் பார்க்கிற முகம் என்றபடியால் மெலிந்தது கண்ணில் படவில்லை. எந்த நேரமும் அதே பெரிய ஓவரோல்தான் போட்டிருப்பார். பார்த்துச் சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை. காருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

4. சாவி

அடுத்த நாள் காலை அவரிடம் நேரே சொன்னேன். தராசு பிழை என்றார். பிறகு கோடையில் யாரும் கொஞ்சம் மெலியத்தான் செய்வார்கள் என்றார். சாப்பாடு பிடிக்கிறதா என்று கேட்டதற்கு, நீ மெக்கானிக்கா டொக்டரா என்று சத்தம் போட்டார். அவர் என்னை ஏசியது அதுதான் முதல் தடவை. பேச்சை முடித்துவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினார். அது என் காற்சட்டைப் பையில் இருந்தது.

“தா” என்று கையை நீட்டினார்.

“தரமாட்டன். பாதி என்ரை. என்ன பிழை எண்டு தெரியாமல் வெளியில விடக்கூடாது எண்டு சொன்னது நீங்கள். கார் சரி. பிழை உங்களிலை. என்னெண்டு போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ.”

முதலாளியிடம் இப்படிக் கதைக்கலாமா என்று எனக்கே தோன்றியது. வேலை போனாலும் போகட்டும் என்று நின்றேன். அவர் தொட்டிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார், கையில் அழுக்கே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டே, காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்பது தனக்கும் தெரியும் என்று மெதுவாகச் சொன்னார். பயத்தில்தான் பார்க்காமல் இருந்திருக்கிறார். பிறகு டெலிபோனை எடுத்தார்.

குடலில் கட்டி. பரவுவதற்கு முன்னமே பிடித்துவிட்டார்கள். நோவு கூட இல்லாமல் எப்படி வந்தீர்கள் என்று டொக்டர் கேட்டாராம். என் கார் அனுப்பியது என்று இவர் சொல்ல, டொக்டர் பகிடி என்று நினைத்துச் சிரித்தாராம்.

5. வளையம்

ஒப்பரேசனும் மருந்துமாகக் குளிர்காலம் போனது. வசந்தத்தில் அவர் கராஜுக்கு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓவரோலுக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. அவருக்குச் செய்யக்கூடியது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான் இருந்தது. காரைத் தராசில் ஏற்றி, அவருடைய புதுப் பாரத்துக்கு ஏற்றபடி ஸ்பிரிங் வளையத்தைத் திருகத் தொடங்கினேன்.

அவர் குனிந்து என் கையைப் பிடித்தார்.

“அதைத் தொடாதை. அது எனக்கு வைச்ச அளவு. நான் அதுக்குத் திரும்பி வாறன்.”

மெக்கானிக் என்ற முறையில் அது பிழையான வேலை. ஆனாலும் ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கோடை முழுவதும் அவர் ஒத்துவராத காரை மெதுவாக ஓட்டினார், பக்கத்தில் நான் இருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை தராசில் ஏறுவார். ஒரு மாதம் கூடும், மறு மாதம் குறையும். வதனி கிழமைக்கு இரண்டு தரம் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். முதலில் உறைப்பில்லாமல், பிறகு எங்களுக்குச் சமைப்பதையே.

அடுத்த வருடம் ஒருநாள் மத்தியானம் அவர் ஏறி இருந்தார். நான் நான்கு தராசையும் பார்த்தேன். நம்பாமல் திரும்பவும் பார்த்தேன். நான் திரும்பத் திரும்பக் குனிந்து பார்ப்பதைக் கண்டு அவர் பயந்துவிட்டார்.

“என்ன, திரும்பக் குறைஞ்சு போச்சோ?”

“இல்லை உவேலி. பழைய அளவில நிண்டிட்டுது. நாலும் சரி.”

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதில் தலையைச் சாய்த்தார். அந்தப் பெரிய மனிதர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தொழில் பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வண்டி சரியில்லை என்று ஒருவர் வந்தால் வண்டியைப் பாருங்கள். வண்டியில் ஒன்றும் இல்லை என்றால் அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவரையும் ஏற்றி இருத்திப் பாருங்கள்.