ரயில் எஞ்சின் கம்பெனி மாப்பிள்ளை

அத்தையைப் பெண் பார்க்க வருகிறவர் ரயில் எஞ்சின் தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று தரகர் சொன்னதும், அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட் முழுக்க அதைச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அங்கே வெங்காய வியாபாரம். அத்தை அவருடைய ஒரே தங்கை. எனக்கு அப்போது எட்டு வயது. மாப்பிள்ளை எஞ்சினிலேயே வருவாரா என்று நான் கேட்டதை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

உள்ளுக்குள் எல்லோருக்கும் கொஞ்சம் பயம்தான். முந்தைய வருஷம் துபாயில் மேனேஜர் என்று ஒருவர் வந்தார். நிச்சயம் முடிந்த பிறகுதான், அவர் துபாய்ப் பக்கமே போனதில்லை என்று தெரிந்தது. அதிலிருந்து யார் வந்தாலும் அத்தை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. “நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்று தையல் மிஷின் மேல் குனிந்துகொள்வாள்.

அது குற்றால சீசன். இலத்தூரிலிருந்து தென்காசியில் எங்கள் வீட்டுக்குக் கிளம்பியவர்கள் வழியில் ஐந்தருவியில் குளித்துவிட்டே வந்தார்கள். மாப்பிள்ளையின் தலை ஈரம் காயவில்லை. எஞ்சின் செய்கிறவர் என்றால் ஆள் இன்னும் பெரிதாக இருப்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். ஆனாலும் எனக்கு அவரிடம் ஒரு காரியம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா வாங்கிவந்த பொம்மை ரயில் ஒரு வாரமாக ஓடவில்லை. கரண்ட் கொடுத்தால் முனகும், நகராது. அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஐரோப்பியக் கம்பெனி ஒன்றின் பெயர் தங்க எழுத்தில் இருக்கும். அதை வாரம் ஒருமுறையாவது பெரியப்பா வாசித்துக்காட்டுவார்.

எஞ்சினைக் கொண்டுபோய் மாப்பிள்ளை முன்னால் வைத்தேன். “மாமா, இதுவும் ஒங்க கம்பெனி எஞ்சினா?”

“ஏட்டி, அங்கன போய் வெளையாடு” என்றார் அப்பா.

மாப்பிள்ளை அதற்குள் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன ஸ்குரூ டிரைவர் கிடைக்குமா என்று கேட்டார். யாரும் அசையவில்லை. காபித் தட்டோடு வரவேண்டிய அத்தை, தையல் மிஷின் டப்பாவிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவர் மேல்கூட்டைக் கழற்றினார். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டார், அதையொட்டிப் பொடிப்பொடியாகப் பல்சக்கரங்கள். அடித்தகட்டில் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாசித்தார்.

“பெட்டில ஒரு பேரு, உள்ள ஒரு பேரா? டூப்ளிகேட்டா தம்பி?”

“இல்ல அண்ணாச்சி, அசல்தான். மேல உள்ள கூட்டை அவங்க செய்வாங்க. உள்ள ஓடுத சமாச்சாரத்த இன்னொரு கம்பெனிட்ட வாங்கி மாட்டுவாங்க. அந்தக் கம்பெனி இதே மாதிரி பல பேருக்குச் செஞ்சு குடுக்கும். அவங்க பேரு வெளிய தெரியாது.”

“அப்ப ஒங்க கம்பெனி?” என்றேன்.

“அந்த மாதிரிக் கம்பெனிக்கு நாங்க பல்சக்கரம் செஞ்சு குடுக்கோம் பாப்பா. பொம்மை ரயிலுக்குத்தான். நெச ரயிலுக்கு இல்ல.”

அப்பா தரகரைப் பார்த்தார். தரகர் மிக்சரில் நிலக்கடலையைத் தேடிக்கொண்டிருந்தார்.

“இந்தச் சக்கரம் ஒங்க கம்பெனில செஞ்சதா இருக்கும், இல்லையா?” என்று அப்பா கொஞ்சம் கெஞ்சலாகவே கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரியப்பா முன்னால் அப்பாவின் மானம் பிழைத்திருக்கும்.

“எங்க சக்கரம் மாதிரிதான் இருக்கு. ஆனா அடையாளம் ஒண்ணும் இல்ல. அதனால சொல்ல முடியாது அண்ணாச்சி.”

அப்போதுதான் கதவோரத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது. “மோட்டாரு யாரு செய்யுதாங்க?”

அது வேறு ஒருவர் என்றார் அவர். எந்த ஊரில் என்று கேட்டாள். தெரியாது என்றார். பல்சக்கரத்தை எதில் செய்வார்கள், அவர் கையால் செய்வாரா, தேய்ந்துபோனால் என்ன ஆகும் என்று அத்தை கேட்டுக்கொண்டே போனாள். தான் செய்வது சக்கரம் வார்க்கிற மிஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை மட்டும்தான் என்றார். தெரிந்ததைச் சொன்னார், மற்றதைத் தெரியாது என்றார். பேச்சோடு பேச்சாக, அச்சில் சுற்றிக்கிடந்த ஒரு நீளமான தலைமுடியை ஊக்கால் இழுத்து எடுத்தார். அது யாருடைய முடி என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. அத்தை தரையைப் பார்த்தாள். எஞ்சின் ஓடியது.

அவர்கள் போன பிறகு அப்பா மிக்சர் தட்டை நங்கென்று எடுத்துவைத்தார். எனக்கும் ஏமாற்றம்தான். “அவரு எஞ்சினே செய்யலியாம் அத்தை, வெறும் பல்லுதானாம்” என்றேன்.

“நானுந்தான் கேட்டேன்லா” என்றாள் அத்தை. பிறகு யாரும் கேட்காமலே அப்பாவிடம் போய், “எனக்குச் சம்மதம்ண்ணே” என்றாள்.

அத்தைக்கு ரயில் என்றால் இத்தனை பிரியம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கு என் எஞ்சினைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று, மனசே இல்லாமல் அதைப் பெட்டியில் எடுத்து வைத்தேன்.