தலையில் பூசிய கடல்பாசி

தண்ணீருக்குள் தலைகீழாக நின்று காலை மட்டும் வெளியே நீட்டி, பாட்டுக்கு ஏற்ப ஆடி, மூச்சு முட்டினாலும் மேலே வந்ததும் பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டும். இதுதான் ஒத்திசைவு நீச்சல். தேசியப் போட்டியில் நான் தங்கம் வாங்கியது இந்தக் கூத்துக்குத்தான். தேங்காப்பட்டணத்தில் இதை யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. "நீந்தப் போறவளுக்கு எதுக்குட்டி கண்மை?" என்று கேட்ட மாமிக்கு இன்னும் பதில் பாக்கி.

தங்கத்துக்கு முந்தைய வருடம், பிளஸ் டூ படிக்கும்போது, என் முதல் தேசியப் போட்டி. இருவர் பிரிவு. என் ஜோடி அருமனைக்காரி, ரப்பர் தோட்டத்து வீட்டுப் பெண். முதல் தடவையாக உம்மா துணைக்கு வந்தாள், ஒரு நிபந்தனையோடு.

"மெடல் இல்லேன்னா இதோட நிறுத்திரணும், கேட்டியா? சவூதிக்குப் போன் போட்டு வாப்பாட்டயும் சொல்லியாச்சு."

சரி என்று தலையாட்டினேன்.

குளத்தில் இறங்குமுன் கொண்டை போட்டு, ஜெலட்டினை வெந்நீரில் கரைத்துத் தலையில் பூசுவோம். காய்ந்தால் ஒரு முடிகூட அசையாது. எப்போதும் பயிற்சியாளர் அக்காதான் பூசிவிடுவார். அன்று அவர் முன்னதாகவே குளத்துக்குப் போய்விட்டதால், பொட்டலம் உம்மா கையில் சிக்கியது.

"இத எதுல எடுக்காங்க?"

"எலும்புல, உம்மா" என்றாள் அருமனைக்காரி, வெகுளியாக.

"எந்த மிருகத்துக்க எலும்பு?"

அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பொட்டலம் குப்பைக்கூடைக்குப் போனது.

"அப்ப எங்க வீட்டு ரப்பர்பால கொண்டு வந்திருக்கலாம்" என்றாள் அவள். உம்மா சிரிக்கவில்லை. பையைத் துழாவிக் கடல்பாசியை வெளியே எடுத்தாள். நோன்புக்குச் செய்வதுபோலப் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி ஜெல்லியாக உறையவிட்டு, ஜெயித்ததும் எங்களுக்குக் கொடுக்க வைத்திருந்தது.

"இதும் இறுகத்தான செய்யும்? கொண்டையக் காட்டுங்கட்டி."

ஜெலட்டினுக்கு வைத்திருந்த கொதிநீரில் இளக்கிப் பூசினாள். இறுகியது. தொட்டால் குலுங்கவும் செய்தது. வேறு வழியும் நேரமும் இல்லை.

முதல் முங்கலிலேயே துண்டு துண்டாகக் கழன்றது. ஒரு துண்டு அருமனைக்காரியின் கழுத்தில் வழுக்கிக்கொண்டு போக, அவள் பதறிவிட்டாள். அதன் பிறகு என் கால் ஒரு பாட்டுக்கும் அவள் கால் வேறொரு பாட்டுக்கும் ஆடின. "கடல்ல கெடக்க சொறியாக்கும்னு நெனச்சேன்ட்டி, தொட்டா அரிக்கும்லா!" என்றாள் பிறகு. நீச்சல்குளத்தில் எங்கிருந்து ஜெல்லிமீன் வரும் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. நான்காம் இடம். மிதந்த கடல்பாசியை வலை போட்டு அள்ளினார்கள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். என் நீச்சல் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

திரும்பும் ரயிலில் உம்மா அருமனைக்காரியிடம் எதையோ கேட்டு, அவள் போனில் தேடிக் காட்டியதை உற்றுப் பார்த்தாள். நாகர்கோவில் நெருங்கும்போது வாப்பாவைக் கூப்பிட்டாள்.

"மெடல் இல்ல. பிள்ள மேல குத்தமில்ல, நாந்தான் கெடுத்தேன்" என்றாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டாள். "அங்க ஹலால் ஜெலட்டின் கெடைக்குமாமே? ஆமா, தலையில பூசதுக்குத்தான். ஒரு பாக்கெட்டா? அது எப்படிக் காணும்? பெட்டியோட அனுப்புங்க. இவ இன்னும் ரொம்ப வருசம் நீந்துவா."