ரீலின் மேல் நான் சொன்ன குறைகள்

வளைகுடாவில் என் கட்டில் மேல் தட்டு. கீழ்த் தட்டில் திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரன் ஒருவன். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ள என்பேன். எங்கள் பக்கம் பாய்மாரும் மற்றவர்களும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, பேசக்கூடத் தெம்பில்லாமல் அவன் கட்டிலில் சாய்ந்துகொண்டு இருவரும் ஒரே போனில் மீன்பிடி வீடியோ பார்ப்போம். அமெரிக்காக்காரர்கள் ஏரியில் பாஸ் மீனுக்குத் தூண்டில் வீசுவார்கள். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளைக்கு அடியில், வைத்த இடத்தில் வைத்தது போல, இரைக்குப் பதில் கட்டிய பொய்மீன் போய் விழும். அதை அங்கே நிறுத்துவது, கம்பில் நூல் சுற்றியிருக்கும் ரீலின் மேல் இருக்கும் கட்டைவிரல்தான். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

"நம்ம கொடுவாவும் அந்தச் சாதி மீன்தான் மச்சான். ஊருக்குப் போனா இதே மாதிரி ரீலு வாங்கி ஓடைவாயில நின்னு அடிக்கணும்" என்பான்.

இருவருக்கும் சர்க்கரை இருந்தது. ஒரே கிளினிக், ஒரே மாத்திரை. மாத்திரையை விழுங்கிய கையோடு சீனியை அள்ளிப் போட்டு ஒரு சாயா. ஊருக்குப் போய் உடம்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்வோம். வாழ்க்கையில் எதையெல்லாம் தள்ளிப்போட முடியுமோ அதையெல்லாம் ஊருக்குத் தள்ளிப்போட்டவர்கள் நாங்கள்.

நான் முதலில் திரும்பினேன். வரும்போது பெட்டியில் எனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்த பெய்ட்காஸ்டிங் ரீல். எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. நான் அதை நம் தண்ணீரில், நம் உப்பில், நம் காற்றில் அடித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல வேண்டும். தேறினால் அதே ரீலை அவனும் வாங்கிக்கொண்டு வருவான். தங்கூஸ் என்னும் நைலான் நூலும் பொய்மீன்களும் ஏற்கெனவே வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தான். என் தீர்ப்புக்காகத்தான் காத்திருந்தான்.

வீட்டில் சோதித்தவரை ரீல் எல்லாவற்றிலும் பாஸ். கைப்பிடியைச் சுற்றினால் வெண்ணெய் மாதிரி ஓடியது. நூல் சுற்றும் உருளையைத் தட்டிவிட்டு பேரிங் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டேன், சுத்தம். ஜன்னல் கம்பியில் தொங்கு தராசைக் கட்டி நூலை இழுத்து, மீன் இழுக்கும்போது எவ்வளவு பிடித்து எவ்வளவு விடுகிறது என்று பார்த்தேன். திக்காமல் ஒரே சீராக விட்டது. என் மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை பாக்குற மாதிரில்ல பாக்குறீங்க. நம்ம புள்ளைக்கிக் கூட இம்புட்டு விசாரிக்கல."

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான் இங்கே இல்லை. போனில்தான் சரி என்றேன். தராசைக் கழற்றினேன்.

ஓடைவாய்க்குப் போனதும்தான் தொல்லை ஆரம்பித்தது. சாதாரண ஸ்பின்னிங் ரீலில் உருளை சும்மா நிற்கும், நூல் தானாக உருவிக்கொண்டு போகும். யார் வேண்டுமானாலும் வீசலாம். இதில் வீசும்போது உருளையே சுழலும். பொய்மீன் காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை பழைய வேகத்தில் சுழன்றால், போக வழியில்லாத நூல் உள்ளேயே பந்தாகச் சுருண்டுவிடும். அதைத் தடுக்க ரீலுக்குள் பிரேக் உண்டு. ஆனாலும் கடைசி பிரேக் நம் கட்டைவிரல்தான். சுழலும் நூலைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்து, அது எழும்பப் பார்க்கும்போது லேசாக அமுக்க வேண்டும்.

முதல் வீச்சிலேயே ரீலுக்குள் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு. பழக்கமில்லை என்று நினைத்தேன். ஒரு மாதம் பழகிய பிறகும் கூடுதான். பிறகு காற்றைக் குறை சொன்னேன். எங்களுக்கு அதில் ஒரு வசதி, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். தென்கடலில் காற்று முகத்தில் அடித்தால் ரோட்டைத் தாண்டி வடகடலுக்குப் போய்விடலாம். உச்சிப்புளி ரோட்டை அப்படி எத்தனையோ தடவை வண்டியில் குறுக்கே தாண்டினேன். வடகடலில் காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தது. கூடு மட்டும் மாறவில்லை.

நூல் மெல்லிசு என்று மாற்றினேன். பொய்மீன் எடை போதாது என்று கனமானது வாங்கினேன். பிரேக்கை முழுக்கத் திருகினேன். கரையோரமாக வல்லத்தில் மீன்பிடிக்கப் போன ஒருவர் என் கூத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"என்ன பாய், தூண்டி போடுறியளா, நூலு நூக்குறியளா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. தண்ணீரில் இருந்த நேரத்தைவிட மணலில் குந்திச் சிக்கெடுத்த நேரம்தான் அதிகம். முடியாதபோது அப்படியே வீட்டுக்குக் கொண்டு வருவேன். மனைவி ஊக்கை வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடியே ஒவ்வொரு இழையாக எடுத்துவிடுவாள்.

"சடை பின்னிவிட்ட புள்ளைய கட்டிக்குடுத்தாச்சு. இனி உங்க ரீலுக்குச் சிக்கெடுக்கணும்னு எழுதியிருக்கு" என்பாள். கோபமில்லை, சலிப்புத்தான். எனக்கும் அதேதான். ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றேன். இன்னொன்று எங்கே என்று அவள் கேட்ட பிறகுதான் காலைப் பார்த்தேன். ஈர மணல் பிடுங்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. காலையிலேயே போன் வரும்.

"என்ன மச்சான், தீர்ப்பு என்னாச்சு?"

"பிரேக்கு சரியில்ல மாப்ள. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு நினைக்கேன்."

"வீடியோல அவன் அடிக்கிறதும் இதே ரீலுதானே?"

"அவன் ஏரில அடிக்கிறான். இங்கன வந்து அடிக்கச் சொல்லு பாப்பம்."

அவன் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. வெயிலிலும் தூசியிலும் கிடந்து எனக்கென்று நான் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். அதுவும் கைக்கு வரவில்லை என்றால் எதற்காகத் திரும்பி வந்தேன் என்று மனது நொந்துபோகும். அதனால் ரீல்தான் மோசம் என்பதில் உறுதியாக இருந்தேன். ரீல் மோசமென்றால் வேறு ரீல் வாங்கிக்கொள்ளலாம்.

மழை பெய்து ஓடைத் தண்ணீர் செம்மண் கலரில் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாள். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டுப் போனேன். தூர வீசினால்தானே சிக்கும் என்று கிட்டத்திலேயே, கருவேலங்கட்டை ஒன்று சாய்ந்து கிடந்த இடத்தில் போட்டேன். பொய்மீனை இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். கம்பு குப்புற வளைந்தது.

கொடுவா என்று அப்போதே தெரிந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு ஒரு துள்ளு துள்ளி, தலையை உதறிவிட்டு நேராகக் கட்டையைப் பார்த்து ஓடியது. உள்ளே போய்விட்டால் நூல் அறுந்துவிடும். ரீல் கிர்ரென்று நூலை விட்டுக்கொண்டே இருந்தது. வீடியோவில் பார்த்தது நினைவு வந்து, ஓடும் உருளையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். மீன் நின்றது, திரும்பியது. கொஞ்ச நேரத்தில் முழங்கை நீளத்துக்கு மேல் ஒரு கொடுவா, மணலில் என் காலடியில் கிடந்தது.

என்னை அறியாமல் மாஷா அல்லாஹ் என்று சத்தமாகச் சொன்னேன். கேட்க யாருமில்லை. இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தபடியே வண்டி ஓட்டி வந்தேன். வெள்ளிக்கிழமை அவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தேன். ரீல் தங்கம்டா மாப்ள. அதைப் பழித்த வாயைக் கழுவ வேண்டும்.

மனைவி மீனைப் பார்த்துவிட்டு அரிவாள்மணையை எடுக்கப் போனாள். நான் உப்புப் போக ரீலைக் குழாயடியில் காட்டினேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. திரும்பக் காட்டினேன். திரும்பவும் சிவப்பு.

"என்னங்க இது?"

"மீன் ரத்தம்."

"மீன் கம்புக்கு அந்தக் கோடியில கெடந்துச்சு. ரீலுக்குள்ள எங்கிட்டுக் கூடி வந்துச்சு மீன் ரத்தம்?"

ரீலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு என் கையைத் திருப்பினாள். கட்டைவிரலின் சதையில் நூல் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது. கத்தியால் கீறியது மாதிரி இரண்டு கோடு, ஒன்று நல்ல ஆழம். ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்து காய்ந்து, அதன் மேல் புதிதாக வழிந்துகொண்டிருந்தது.

"அல்லாவே. வலிக்கலையாங்க?"

நான் வலியைத் தேடினேன். எங்கேயாவது இருக்கும் என்று மெனக்கெட்டுத் தேடினேன். இல்லை.

அவள் துணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த மீனை எங்கள் வீட்டில் யாரும் ஆக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மா தையல் போட்டார். போட்டுவிட்டு, சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார். பிறகு மேசையிலிருந்து ஒரு சின்னப் பிடியை எடுத்தார். அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு நைலான் இழை நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் தெரிந்தது, தங்கூஸ்தான். பொய்மீனுக்கு முன்னால் லீடராக நாங்கள் கட்டும் துண்டைவிடக் கொஞ்சம் மெல்லிசு.

"கண்ணை மூடிக்குங்க. நான் விரல்ல தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். மின்விசிறி ஓடியது. வெளியே யாரோ டோக்கன் நம்பர் கேட்டார்கள். டாக்டரம்மா ஏதோ எழுதுகிறார் போல என்று நினைத்தேன்.

"எப்ப ஆரம்பிக்கிறீங்க டாக்டர்?"

"கையில முடிச்சிட்டேன் பாய். காலை நீட்டுங்க."

காலிலும் அவ்வளவு நல்ல சேதியில்லை. ஒற்றைச் செருப்பு நினைவுக்கு வந்தது. கேம்பில் எல்லோரும் துணியைச் சுற்றிப் பிடிக்கும் சாயா டம்ளரை நான் வெறுங்கையில் பிடிப்பேன். பார்த்தவர்கள் கெட்டிக் கை என்பார்கள், நானும் பெருமையாக இருந்திருக்கிறேன். சர்க்கரையில் செத்த உணர்ச்சி திரும்ப வருமா என்று கேட்டேன். போனதைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷி, பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ரீலை எடுத்துப் பார்த்தேன். மனைவி அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். உருளையைத் தட்டினேன், அதே சுத்தமான சத்தம். அதன் மேல் நான் சொன்ன குறைகளையெல்லாம் நினைத்தால் அசதியாக இருந்தது. காற்று, நூல், எடை, பிரேக், கம்பெனி. அது பாட்டுக்கு ஒழுங்காகச் சுற்றியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது.

"மச்சான், லீவு லெட்டர் குடுத்துட்டேன். இன்னைக்கிக் கடைக்குப் போறேன். ஒரே வார்த்தைல சொல்லு. அந்த ரீலை வாங்கவா, வேணாமா?"

வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம். ஸ்பின்னிங் ரீலே போதும் மாப்ள என்றால் கேட்டுக்கொள்வான். ஊருக்கு வந்து ஓடைவாயில் நின்று நிம்மதியாக வீசிக்கொண்டிருப்பான். ஆனால் என் கட்டிலுக்குக் கீழே படுத்தவன் அவன். நான் போட்ட மாத்திரையைப் போட்டவன், நான் குடித்த சாயாவைக் குடித்தவன்.

"ரீலு நல்ல ரீலுதான்" என்றேன். "அதுல ஒரு கொறையும் இல்ல. வாங்குறதுக்கு முந்தி ஒண்ணு செய்யி. கட்டிலுக்கடியில தங்கூஸ் வச்சிருக்கேல்ல, அதுல விரல் நீளம் ஒரு துண்டு வெட்டு. மெல்லிசுல வெட்டு."

"எதுக்கு?"

"வெட்டுடா."

பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. கத்தரியின் சத்தம் கேட்டது.

"வெட்டிட்டேன். சொல்லு."

"கண்ண மூடிக்க. அது நுனிய கட்டைவிரல்ல வச்சு, அது வளையுற வரைக்கும் அமுக்கு. தெரியுதான்னு பாரு."

ஏசி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. அந்த ஏசியை எனக்குத் தெரியும்.

"மாப்ள?"

"இரு மச்சான்" என்றான். "இன்னும் வைக்கல போலருக்கு. கொஞ்சம் அமுக்கிப் பாக்குறேன்."