பதினேழாம் நம்பர் முத்திரை

தணிகாசலம் கம்பெனி வேலையை விட்டுவிட்டான் என்ற சேதி பரவியதும் கும்மிடிப்பூண்டியில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். சம்பள உயர்வு கேட்டான், கொடுக்கவில்லை என்றார் டீக்கடைக்காரர். சங்கத்தில் சேர்ந்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் என்றார் வீட்டுக்காரர். கம்பெனியில் இருந்த காகிதத்திலோ 'சொந்தக் காரணம்' என்று இரண்டே சொல். அதற்கு முந்திய இரண்டு வருஷத்தில் வேலையை விட்டுப் போன பரிசோதகர்கள் ஒன்பது பேர், ஒன்பது காகிதத்திலும் அதே இரண்டு சொல். நல்ல ஆட்கள் ஏன் நிற்பதில்லை என்று ஆராய பெங்களூரிலிருந்து ஒருத்தரை வரவழைத்தார்கள். அவர் நாலு நாள் தங்கி, கேன்டீன் சாப்பாடு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

தணிகாசலம் அங்கே சேர்ந்தது அறுபத்து நாலில். கிணற்று மோட்டாரைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் செய்கிற பெரிய கம்பெனி அது. பொத்தான் வைத்த இரும்புப் பெட்டி. உள்ளே கரண்டு ஓடும், ஆனால் பெட்டிக்கு வரக் கூடாது. வருகிறதா இல்லையா என்று கடைசியாகச் சோதிப்பது தணிகாசலத்தின் வேலை. தேறிய பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் தேதி போட்டு, தன் முத்திரையை அழுத்துவான். வட்டத்துக்குள் 17. ஒவ்வொரு பரிசோதகனுக்கும் ஒரு நம்பர். அடுத்தவன் கையில் கொடுக்கக் கூடாது, சாயங்காலம் தன் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது சட்டம்.

அந்த நம்பரில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை! பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் அவனுடைய ஊர். கழனிகளுக்குக் கரண்டு வந்துகொண்டிருந்த காலம். ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லுவான். "கடையில மூடியத் தொறந்து பாரு. பதினேழு இருந்தா நான் பாத்ததுன்னு அர்த்தம். கண்ண மூடிக்கினு கை வைக்கலாம்." ஜனங்களும் செங்குன்றம் கடைகளில் போய்ப் பதினேழு இருக்கிறதா என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். தங்கச்சி கங்கம்மா இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எழுபதுக்கு அப்புறம் கம்பெனியின் போக்கு மாறியது. மாசத்தில் முதல் மூன்று வாரம் சாமான் வராது, எல்லோரும் ஈ ஓட்டுவார்கள். கடைசி வாரம் மொத்தமும் வந்து குவியும். முப்பதாம் தேதிக்குள் இத்தனை பெட்டி லாரி ஏற வேண்டும் என்று பலகையில் எழுதி வைப்பார்கள். கரண்டைத் தடுக்கிற உள்பலகையை மலிவான இடத்தில் வாங்கினார்கள். தேறாத பெட்டிகளில் தணிகாசலம் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவான். மறுநாள் வந்து பார்த்தால் குறி துடைக்கப்பட்டிருக்கும். மூன்று கடிதம் எழுதினான். ஒன்றுக்கும் பதில் இல்லை. பக்கத்து மேஜை யேசுதாஸ் பேசாமல் ராஜினாமா எழுதிவிட்டுப் போனான். நீயும் வா என்று அவன் கூப்பிட்டபோது தணிகாசலம் போகவில்லை. நாமும் போய்விட்டால் அந்த மேஜையில் எவன் உட்காருவான் என்று நினைத்தான். தணிகாசலம் நல்லவன்தான், அதனால்தான் இவ்வளவு கஷ்டம்.

எழுபத்திரண்டு ஆடி. கங்கம்மாவின் புருஷன் மணவாளன், தன் கழனிக்குக் கரண்டு அனுமதி வந்தால் பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பிலை கட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்தான். அனுமதி வந்துவிட்டது. மச்சானும் கூட வர வேண்டும் என்று ஆள் அனுப்பினான். ஜூலை முப்பது, ஞாயிற்றுக்கிழமை. கம்பெனியிலோ மாசக் கடைசி, ஞாயிறும் வேலை. லீவு கேட்டபோது சூப்பர்வைசர் பாக்கியராஜ் ஒரே பேச்சில் முடித்தார்.

"முத்திரைய குடுத்துட்டுப் போ. நீ தேத்தி வெச்சிருக்கியே அறுபது பெட்டி, அதுக்கு மட்டும் போட்டுக்கறோம். உனக்கு இன்னா நஷ்டம்?"

 தான் பார்த்த பெட்டிகள்தானே, யார் கை அழுத்தினால் என்ன என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. கொடுத்துவிட்டான்.

ஞாயிறன்று மச்சானும் மாப்பிள்ளையும் குளித்துவிட்டு, உடம்பைச் சுற்றி வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலை வலம் வந்தார்கள். மணவாளன் குழந்தை மாதிரிச் சிரித்தான். இனிமேல் மழையை நம்பி வானத்தைப் பார்க்க வேண்டாம் மச்சான் என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பான்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அலமாரி காலி. அறுபது மட்டுமல்ல, சிவப்புக் குறி போட்டு ஒதுக்கிய நாற்பதும் காணோம். எங்கே என்று கேட்டான். லாரி ஏறிவிட்டது, வடக்கே நாக்பூர்ப் பக்கம் போகிற லோடு, நீ கவலைப்படாதே என்றார் பாக்கியராஜ். அன்றைக்கே சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. முத்திரையைக் கொடுத்தது குற்றம், கேட்டால் தன் தலைதான் உருளும். பயம். ஊரிலும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பதினேழு பதினேழு என்று பீற்றிக்கொண்ட வாயால் எப்படிச் சொல்வது? நாக்பூர் எங்கேயோ இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். நாக்பூரில் இருப்பவன் மட்டும் மனுஷன் இல்லையா? அதையும் அவன் யோசிக்காமல் இல்லை. 

புரட்டாசிக் கடைசியில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். மணவாளன் செங்குன்றத்தில் ஸ்டார்ட்டர் வாங்கி வந்து மாட்டினான். மூன்றாம் நாள் காலை, சேற்றுக்காலோடு வந்து மோட்டாரை நிறுத்தக் கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

சேதி கேட்டு ஓடிய தணிகாசலம் பிணத்தைப் பார்த்தான், பிறகு கிணற்றடிக்குப் போனான். பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தான். வட்டத்துக்குள் 17. பக்கத்தில் வேறு யாரோ கிறுக்கிய தேதி, 30-7-72. நாக்பூர் போனதாகச் சொன்ன நாற்பதில் ஒன்று செங்குன்றத்துக்கே வந்திருந்தது. அந்தத் தேதியில் அவனும் செத்துப்போனவனும் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலில் இருந்தார்கள்.

கம்பெனி மேனேஜர் உட்கார வைத்துப் பேசினார். கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற தரைக்கம்பியை ஊரில் சரியாகப் பதித்திருக்க மாட்டார்கள் என்றார். முத்திரை உன்னுடையது, கொடுத்த கையும் உன்னுடையது, விஷயம் வெளியே போனால் முதலில் மாட்டுவது நீதான் என்றார். கடைசியில், தலைமைப் பரிசோதகர் இடம் காலியாக இருக்கிறது, யோசித்துச் சொல் என்றார். தணிகாசலம் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான். அதை நினைத்து அவன் சாகும்வரை வெட்கப்பட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்தபோது, கங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். முத்திரையைக் கொடுத்தது, நாற்பது பெட்டி, நாக்பூர், எதையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. 

"அவுரு இதைத் தொடவே பயந்துகினு இருந்தாரு. கரண்டு புச்சு இல்லியா. நான்தான் மூடியத் தொறந்து காட்டினேன். அண்ணன் நம்பரு இருக்குது, கண்ண மூடிக்கினு கை வையின்னு நான்தான் சொன்னேன்."

பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆடியிலேயே உனக்குத் தெரியுமில்ல? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அண்ணா?"

மறுநாள் காலை தணிகாசலம் முத்திரையை மேனேஜர் மேஜையில் வைத்தான். அதே நம்பரை அடுத்தவனுக்குக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். சரி என்றார்கள். அடுத்த மாசமே செங்குன்றம் கடைகளுக்குப் பதினேழாம் நம்பர் பெட்டிகள் வந்து இறங்கின. தணிகாசலம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கடைகளின் வாசலில் போய் நின்று, வாங்க வருகிறவர்களிடம் அந்த நம்பரை நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைக்காரர்கள் பைத்தியம் என்று விரட்டினார்கள்.