வைக்கோல் தின்ற லாரி

அண்ணனுடைய லாரியின் முதுகில் ஆளுயர இரும்பு உருளை ஒன்று நின்றது. யுத்த காலம், பெட்ரோலுக்கு ரேஷன். அந்த உருளைக்குள் அடுப்புக்கரியை மூட்டி, கிளம்பும் புகையை எஞ்சினுக்குள் விட்டு வண்டி ஓட்டினார்கள். எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு உப்பு மூட்டை ஏற்றிவருவதுதான் எங்கள் வீட்டுச் சோறு. திடீரென்று கரியும் கிடைக்காமல் போயிற்று. ஒரு நடை தவறினாலும் வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று உப்பு மண்டிக்காரர் சொல்லி அனுப்பினார்.

அண்ணன் ஒரு கைவண்டி வைக்கோலோடு வந்து இறங்கினார். "மாடு துன்னா ஓடுது, இது துன்னா ஓடாதா இன்னா?" அண்ணியும் நானும் அதைக் கயிறாக முறுக்கித் துண்டு துண்டாக வெட்டினோம். கையெல்லாம் கீறல். மாட்டுத் தீவனத்துக்கே ஆலாய்ப் பறந்த வருஷம் அது. எதிர்வீட்டு மாட்டுவண்டிக்காரர் நின்று பார்த்துவிட்டு, "அத்த நீ இரும்புக்குப் போட்டா, மாடு இன்னா இரும்பையா துன்னும் நைனா?" என்றார். அண்ணன் சிரித்தார். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

போகும்போது வண்டி ஓடியது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பாரத்தோடு திரும்பும்போதுதான் திருவொற்றியூரில் நின்றுவிட்டது. சேதி கேட்டு ஓடினோம். வைக்கோல் புகை எஞ்சினுக்குள் தார் மாதிரி அப்பியிருந்தது. உருளையின் அடியில் சாம்பல் உருகி, கண்ணாடிக் கட்டியாக இறுகிக் கிடந்தது. உப்பு விற்கப் போனால் மழை என்பார்கள். எங்களுக்கு மழைகூடத் தேவைப்படவில்லை. கடைசியில் அதே மாட்டுவண்டிக்காரர்தான் மாடுகளைப் பூட்டி லாரியை இழுத்துவந்தார். வாசலில் அவிழ்த்துவிட்டதும் மாடுகள் மிச்ச வைக்கோலில் வாய் வைத்தன. விரட்டப் போன என்னை அண்ணன் தடுத்தார். "துன்னட்டும் வுடு. இதுங்களாவது ஓடும்." சொல்லிவிட்டு, தெருவே பார்க்க அழுதார்.

மண்டிக்காரர் சொன்னதைச் செய்தார். லாரி பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தெருவில் அவர் பெயரே 'வைக்கோலு' என்றாகிவிட்டது. அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவும் பழகிக்கொண்டார். வீட்டில் எதற்காவது யோசனை கேட்டால், "பைத்தியக்காரன்கிட்ட வந்து கேக்கிறியே" என்பார். முதலில் விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். சாகும்வரை அதையேதான் சொன்னார்.

வைக்கோலிலிருந்து வண்டிக்கு எண்ணெய் எடுக்கலாம் என்று இப்போது பேப்பரில் வந்திருக்கிறது. அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்போ அவரு பைத்தியம் இல்லியா?"

இல்லை என்றேன். அண்ணி பேப்பரை வாங்கி, எழுத்துத் தெரியாத கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத்த அவரு உசுரோட இருக்கசொல்லோ போட்டிருக்கக் கூடாதா?" என்றார்.