பின்சக்கரக் கட்சி

போன வாரம் பெருங்குடி சிக்னலில் என் ஆட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. பச்சை விழுந்ததுதான் தாமதம், மழைத் தண்ணீரில் கொஞ்சமும் வழுக்காமல் பாய்ந்து போய்விட்டது. "நாலு வீலும் இஸ்துகினு போவுது சார், அதான்" என்றார் ஆட்டோக்காரர். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாகப் போகிறது, இன்னும் ஆறவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதிரிக் காரை நானும் பாஸ்கரும் அன்று கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சாந்தோம் பள்ளியில் என்கூடப் படித்தவன் பாஸ்கர். லஸ் முனை நடைபாதையில் பழைய வெளிநாட்டு கார் பத்திரிகைகள் கிடைக்கும். பூச்சி உருண்டை வாசனை அடிக்கும். அதை வாங்கிவந்து வரிக்கு வரி கரைத்துக் குடிப்போம். பின்சக்கரம் தள்ள வேண்டும், முன்சக்கரம் திரும்ப மட்டும்தான் வேண்டும், வால் வழுக்கினால் ஓட்டுகிறவன் பிடித்துத் திருப்ப வேண்டும்; அதுதான் கார். இது எங்கள் கட்சி. "நாலு வீலும் இஸ்தா அது டிராக்டர் மச்சி!" என்பான் பாஸ்கர். சொந்தமாக ஒரு ஸ்கூட்டர்தான் இருந்தது எங்களிடம். அதுவும் பின்சக்கரம் தள்ளுகிற வண்டிதானே என்று எனக்கு ஒரே பெருமை!

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் பெரியப்பாவின் பழைய கார் என் கைக்கு வந்தது. நம்ம கட்சி வண்டி. ஒரு கார் கிளப் நடத்திய போட்டிக்குப் பேர் கொடுத்தோம். நான் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளை முன்கூட்டியே படித்துச் சொல்ல வேண்டும். அதற்காக ஆறு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரிலேயே கொட்டிவாக்கத்தில் தொடங்கிச் சவுக்குத்தோப்புகளுக்கு நடுவே போகிற அந்தப் போட்டி வழி முழுக்கப் போய், ஒவ்வொரு வளைவையும் நோட்டில் எழுதினோம். பேர் எல்லாம் நாங்களே வைத்ததுதான். முடியவே முடியாத வளைவுக்குச் 'சின்னம்மா', என் சின்னம்மா பேச ஆரம்பித்தால் அப்படித்தான். சாதுவாக இருந்து திடீரென்று அறைகிற வளைவுக்குக் 'கணக்கு வாத்தியார்'. நோட்டு அவனிடம்தான் இருந்தது.

போட்டிக்கு முதல் நாள் போன் பண்ணினான். "காய்ச்சல் மச்சி. எழுந்துக்கவே முடியல."

போட்டியாவது மண்ணாவது என்று காலையில் ரொட்டியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாப்பா நீ இங்க நிக்கிற? உங்கூடத்தான் போறேன்னு விடிகாலைலயே கெளம்பிட்டானே!"

கொட்டிவாக்கத்துக்கு எப்படி ஓட்டிப் போனேன் என்று தெரியவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. வரிசையில் தி.நகர் பாத்திரக்கடை முதலாளி பையனின் ஜீப் நின்றது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். உள்ளே பாஸ்கர், மடியில் எங்கள் நோட்டு. "பாஸ்கர், கணக்கு வாத்தியார் எத்தினாவது வளைவு?" என்று கேட்டான் அந்தப் பையன்.

எங்கள் ரெண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத பேர் அது.

பாஸ்கர் என்னைப் பார்த்துவிட்டான். "மழை மச்சி... பின்னாடி வீல் வழுக்கும். உனக்கே தெரியும்ல?" என்றான். கொடியை இறக்கினார்கள், ஜீப் போய்விட்டது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோப்பையும் அவர்களுக்குத்தான்.

அவன் சொன்னது சரிதான், ஈரத்தில் நாலு சக்கரம்தான் பிடிக்கும். கட்சி மாறியதுகூடப் பெரிதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நோட்டை நானே கொடுத்து, கைதட்டி அனுப்பியிருப்பேன். துரோகி, காய்ச்சல் என்று ஏன்டா சொன்னாய்?

அப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நடைபாதைக் கடை போய்விட்டது, சவுக்குத்தோப்பெல்லாம் போய் வீடுகளாகிவிட்டன. பெரியப்பாவின் காரைப் பழைய இரும்புக்குப் போட்டேன். எனக்கு எத்தனையோ நாள் சோறு போட்ட பாஸ்கரின் அம்மா இறந்துபோன விஷயம், மூன்று மாதம் கழித்து கடைத்தெருவில் யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதையும் அவன் என்னிடம் சொல்லவில்லை.